டாஷ்போர்டு 24 சொல்லுது, டேங்க் 22 சொல்லுது: ஹைப்ரிட் கார் மைலேஜில் எதை நம்புறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை நான் ஒரு போட்டோவில் இருந்து தொடங்கணும். நானே எடுத்த போட்டோ. அதனால எங்க மாமா கிட்டத்தட்ட ஒரு கடனில் மாட்டியிருப்பார்.

கதை இதுதான். நான் ஒரு ஹைப்ரிட் கார் வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகுது. என்ன கார்னு சொல்ல மாட்டேன். இன்னைக்குப் பேசப்போற விஷயம் ஒரு கம்பெனியோட மட்டும் நிக்குற விஷயம் கிடையாது. கார் வந்த ரெண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில ஈசிஆர் பக்கம் ஒரு 30 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தேன். வண்டியை நிறுத்துறப்போ ஸ்க்ரீன்ல லிட்டருக்கு 26.4 கிலோமீட்டர்னு பச்சைக் கலர்ல வந்தது, கூடவே ஒரு இலை படம். சந்தோஷத்துல போட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போட்டுட்டேன்.

அந்த க்ரூப்ல எங்க மாமாவும் இருக்கார். தாம்பரத்துல சொந்தமா டாக்ஸி ஓட்டுறார். ஏர்போர்ட் ட்ரிப், காஞ்சிபுரம், மாமல்லபுரம், இப்படி மாசம் 4,000 கிலோமீட்டர் ஓடும். பழைய டீசல் வண்டி. மூணு மாசம் கழிச்சு ஒருநாள் போன் பண்றார். "மாப்ள, பேங்க்ல பேசிட்டேன். நீ போட்ட அந்த 26-ஐ வச்சுத்தான் கணக்குப் போட்டேன். டீசல்ல மிச்சமாகுற காசுலயே டியூல பெரும்பகுதி கட்டிடலாம்"னார்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா அந்த 26.4 எனக்கு அதுக்கப்புறம் ஒருதடவை கூட வரல. ஸ்க்ரீன்ல வர்ற நம்பர் உண்மையான்னுகூட நான் சரிபார்த்தது இல்ல. "மாமா, கையெழுத்து மட்டும் இப்போ போடாதீங்க, ரெண்டு மாசம் டைம் குடுங்க"ன்னு சொல்லிட்டு, அளக்க ஆரம்பிச்சேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்த எபிசோடு.

முதல்ல: ஸ்க்ரீனுக்கு மைலேஜ் எப்படித் தெரியும்?

நம்மில் பலர் நினைக்கிறது, டேங்க்ல ஒரு மீட்டர் இருக்கு, எவ்வளவு பெட்ரோல் குறைஞ்சதுன்னு பார்த்து அது கணக்குப் போடுதுன்னு. அப்படி நடக்கிறது இல்ல. டேங்க்ல இருக்கிறது ஒரு மிதவை. வண்டி ஆடினால் அதுவும் ஆடும், மேடு ஏறினால் சாயும். அரை டேங்க், கால் டேங்க்னு காட்ட அது போதும். மைலேஜ் கணக்குக்குப் போதாது.

மைலேஜைக் கணக்கிடுவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். எஞ்சினுக்குள்ள பெட்ரோலைப் பீய்ச்சுற சின்னக் குழாய்தான் இன்ஜெக்டர். அதைத் திறந்து மூடுறது இந்தக் கம்ப்யூட்டர்தான். ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி செகண்டு திறந்திருந்தது என்று அதுக்குத் தெரியும். இவ்வளவு நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் போகும் என்று ஒரு நிலையான எண்ணைக் கம்பெனியில் ஏற்றி வைத்திருப்பார்கள். நேரத்தை அந்த எண்ணால் பெருக்கி, கோடிக்கணக்கான துளிகளைக் கூட்டினால் லிட்டர் வந்துவிடும். தூரம், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதில் இருந்து வருகிறது. தூரத்தை லிட்டரால் வகுத்தால் ஸ்க்ரீனில் வரும் மைலேஜ்.

இதுல கவனிக்க வேண்டியது, பெட்ரோலை யாரும் அளக்கவே இல்லை. இவ்வளவு போயிருக்கணும் என்கிற மதிப்பீடுதான் அது. நல்ல மதிப்பீடுதான். ஆனா அந்த ஒரு எண்ணில் கொஞ்சம் பிசகு இருந்தால் போதும், காலம் பூரா ஒரே பக்கமாக அதே அளவு பிசகும். பழைய பி.எம்.டபிள்யூ கார்கள் சிலவற்றின் டாஷ்போர்டில் ஒரு மறைவான மெனு இருக்கும். அதுக்குள்ள போய் மைலேஜ் காட்டும் விகிதத்தை ஏத்தலாம், இறக்கலாம். ஒரு எண்ணை மாத்தினால் கார் அதிக மைலேஜ் குடுக்கிற மாதிரி தெரியும். பெட்ரோல் செலவு அப்படியேதான் இருக்கும்.

சரி, எப்படி அளந்தேன்?

எங்க மாமாவோட முறையிலதான். ஏதோ பேங்க்ல குடுத்த டைரி ஒண்ணு அவர் வண்டியில எப்பவும் இருக்கும். ஃபுல் டேங்க் அடிக்கும்போதெல்லாம் கிலோமீட்டர், லிட்டர் ரெண்டையும் எழுதிடுவார். பல வருஷப் பழக்கம்.

முறை சுலபம். டேங்க் ஃபுல் பண்ணு, ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணு, ஓட்டு, மறுபடியும் ஃபுல் பண்ணு. ரெண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடிச்சதோ, அதுதான் நீங்க எரிச்ச பெட்ரோல்.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஃபுல் என்பது எப்பவும் ஒரே அளவு கிடையாது. நாஸில் தானா கட் ஆகுறது, வண்டி நிக்கிற சாய்வு, பம்பு வேகம், நுரை எல்லாத்தையும் பொறுத்து ஒரு லிட்டர் முன்னப்பின்ன ஆகும். 28 லிட்டர் போடும்போது ஒரு லிட்டர் வித்தியாசம் வந்தால் மூணரை சதவீதத் தவறு. அதனால ஒரே ஒரு டேங்க்கை வச்சு யாராவது மைலேஜ் சொன்னால், ஒரு சிட்டிகை உப்போட எடுத்துக்கோங்கன்னு சொல்ல மாட்டேன், "இன்னும் நாலு டேங்க் போட்டுட்டு வாங்க"ன்னு சொல்வேன். ஏன்னா இந்தத் தவறு சேர்ந்துக்கிட்டே போகாது. முதல் ஃபில்லும் கடைசி ஃபில்லும் எவ்வளவு நிரம்பிச்சு என்பது மட்டும்தான் கணக்கு. நடுவில் ஒரு தடவை குறைவாகப் போட்டிருந்தால், அடுத்த தடவை அது கூடுதலாகப் பிடித்துச் சரியாகிவிடும். அஞ்சு டேங்க் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு லிட்டர், 140 லிட்டரில் ஒரு லிட்டர். ஒரு சதவீதத்துக்கும் கீழே.

நான் எடுத்த கணக்கைச் சொல்றேன். எங்க ஏரியாவில ஒரே பங்க், ஒரே பம்பு, நாஸில் முதல் தடவை கட் ஆனதும் நிறுத்திடுவேன். மேல "ரவுண்டா போடவா சார்" கிடையாது.

முதல் டேங்க் 612 கிலோமீட்டர், 27.9 லிட்டர்.
ரெண்டாவது 588 கிலோமீட்டர், 25.6 லிட்டர்.
மூணாவது 641 கிலோமீட்டர், 29.8 லிட்டர்.
நாலாவது 597 கிலோமீட்டர், 26.1 லிட்டர்.
அஞ்சாவது 622 கிலோமீட்டர், 28.1 லிட்டர்.

மொத்தம் 3,060 கிலோமீட்டர், 137.5 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 22.25. இந்த அஞ்சு டேங்க்குக்கும் சேர்த்து ஸ்க்ரீன் காட்டியது 24.0. அதாவது ஸ்க்ரீன் கணக்குப்படி நான் எரிச்சது 127.5 லிட்டர். பங்க்ல நான் காசு குடுத்தது 137.5 லிட்டருக்கு. சரியா பத்து லிட்டர் ஸ்க்ரீனுக்குத் தெரியாமல் போயிருக்கு. சதவீதத்தில் சொன்னால், ஸ்க்ரீன் உண்மையைவிடக் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூட்டிச் சொல்லுது.

இது என் கார் கணக்கு. உங்க கார்ல 3 சதவீதமா இருக்கலாம், 10-ஆ இருக்கலாம், குறைச்சுக்கூடக் காட்டலாம். அளந்தால்தான் தெரியும்.

அந்தப் பத்து லிட்டர் எங்கே போச்சு?

எனக்கு முதல்ல வந்த சந்தேகம் பங்க் மேல. நம்ம ஊர்ல இது இயல்பு. எந்த பங்க்லயும் 5 லிட்டர் முத்திரை அளவை வச்சிருக்கணும், நீங்க கேட்டால் அளந்து காட்டணும். கேட்டேன். அங்க வேலை செய்றவர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனா அளந்து காட்டினார். 5 லிட்டருக்கு 25 மில்லி, அதாவது அரை சதவீதம் வரைக்கும் வித்தியாசத்துக்கு அனுமதி உண்டு. நான் பார்த்தப்போ அதுக்குள்ளதான் இருந்தது. அதனால 8 சதவீதத்துக்கு பங்க்கைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது தூரம். ஓடோமீட்டர் கூட்டிச் சொல்லுதோன்னு போன்ல ஜிபிஎஸ் போட்டு ஜிஎஸ்டி ரோட்ல 100 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். ஓடோமீட்டரில் 100 ஆனப்போ ஜிபிஎஸ்-ல் 98.6. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், அதனால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஆனா இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. ஸ்க்ரீன் கணக்கு, என் டேங்க் கணக்கு ரெண்டுக்கும் நான் எடுத்தது அதே ஓடோமீட்டர் தூரம். அதனால ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்கு இது காரணமாக இருக்க முடியாது. ரெண்டையும் சேர்த்துக் கீழே இறக்கும், அவ்வளவுதான். அந்தத் திருத்தத்தையும் போட்டால் என் உண்மையான மைலேஜ் 21.9.

மூணாவது, எல்லாரும் கேட்கிற கேள்வி. ஈ20 பெட்ரோல்தான் காரணமா? எத்தனாலில் இருக்கும் ஆற்றல், அதே அளவு பெட்ரோலில் இருப்பதைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்தால், சுத்த பெட்ரோலை ஒப்பிட்டு லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. முன்னாடி இருந்த ஈ10-ஐ ஒப்பிட்டால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால மைலேஜ் குறைவது நிஜம். ஆனா ஆற்றல் குறைந்த எரிபொருள் வந்தால், புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து, இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கச் சொல்லும். ஸ்க்ரீன் எண்ணுறதே அந்த நேரத்தைத்தான். அதனால ஈ20-ஆல் குறையும் மைலேஜ் ஸ்க்ரீனிலும் குறைஞ்சுதான் தெரியும். அதை இந்தப் பத்து லிட்டருக்குப் பொறுப்பாக்க முடியாது.

டேங்க்ல ஆவியாகுற பெட்ரோல் கணக்கில் வராதான்னு கேட்டால், கொஞ்சம் வராது. அந்த ஆவியைக் கரி நிரப்பிய ஒரு டப்பா பிடித்து வைத்து, பிறகு எஞ்சினுக்கு அனுப்பும். அது இன்ஜெக்டர் வழியா போறது இல்ல, அதனால எண்ணப்படுவதும் இல்ல. ஆனா அது சின்ன அளவு. இப்படி ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வந்தால் பெரும்பகுதிக்கு மிஞ்சி நிக்கிறது அந்த இன்ஜெக்டர் எண்தான். வேணும்னே அப்படி வச்சாங்களான்னு என்னால் நிரூபிக்க முடியாது, அதனால குற்றமும் சொல்லல. பத்து லிட்டர் இடிக்குது, அதை மட்டும் சொல்றேன்.

ஹைப்ரிட்ல மட்டும் இருக்கிற மாயம்

இதுவரைக்கும் சொன்னது எந்த பெட்ரோல் காருக்கும் பொருந்தும். ஹைப்ரிட்ல கூடுதலா ரெண்டு விஷயம் இருக்கு.

ஒண்ணு, பேட்டரி. ப்ளக் போட்டு சார்ஜ் பண்ணாத ஹைப்ரிட்ல எல்லா சக்தியும் பெட்ரோலில் இருந்துதான் வருது. பிரேக் போடும்போது திரும்பக் கிடைக்கிற மின்சாரமும், முன்னாடி பெட்ரோல் எரிச்சு ஏத்தின வேகத்தோட மிச்சம்தான். அந்த பேட்டரி ரொம்பச் சின்னது. நம்ம ஊர் சாலையில ஓடுற நடுத்தர ஹைப்ரிட்களில் ஒரு கிலோவாட் மணி அளவுக்கோ அதுக்கும் கீழேயோதான் இருக்கும். எலெக்ட்ரிக் கார்ல இருக்கிற பேட்டரியில அது ஒரு சின்னப் பங்குதான்.

சின்னதா இருந்தாலும் சின்னப் பயணத்தின் கணக்கை அது புரட்டிப் போடும். என்னோட அந்த 26.4-ஐயே எடுத்துக்கோங்க. 30 கிலோமீட்டருக்கு 1.14 லிட்டர். கிளம்பும்போது பேட்டரி முக்கால்வாசிக்கு மேல, திரும்பி வந்தப்போ கிட்டத்தட்ட காலி. 0.3 கிலோவாட் மணி போல செலவாகியிருக்கும்னு வைங்க. அதை எஞ்சின் திருப்பி நிரப்ப, தோராயமா 0.1 லிட்டர் பெட்ரோல் வேணும். அந்தப் பெட்ரோல் எரிஞ்சது மறுநாள் காலையில். அதையும் சேர்த்தால் 26.4 என்பது 24 சொச்சம் ஆகுது. அதாவது திங்கட்கிழமையிடம் கடன் வாங்கி ஞாயிற்றுக்கிழமை நான் சீன் போட்டிருக்கேன்.

ரெண்டாவது, "ஈவி 62 சதவீதம்"னு வர்ற வரி. இதைப் பார்த்துட்டு பெட்ரோல் செலவு 62 சதவீதம் மிச்சம்னு நினைக்கிறவங்க இருக்காங்க, நானும் நினைச்சேன். என் கார்ல அது நேரக் கணக்கு. எஞ்சின் அணைந்திருந்த நேரம் எவ்வளவு என்றுதான் சொல்லுது. மத்திய கைலாஷ் சிக்னல்ல ரெண்டு நிமிஷம் சும்மா நின்னால் அதுவும் ஈவி-யில்தான் சேரும். பாராட்டு வாங்க நல்ல வழி, ட்ராஃபிக்ல மாட்டிக்கிறது.

இன்னொரு பொறி, சராசரியின் சராசரி. ஒருநாள் 10 கிலோமீட்டர் ஓட்டி 30 மைலேஜ், மறுநாள் அதே 10 கிலோமீட்டருக்கு 15. சராசரி 22.5-னு தோணும். எரிந்த பெட்ரோலைப் பாருங்க: முதல் நாள் மூணில் ஒரு லிட்டர், மறுநாள் மூணில் ரெண்டு லிட்டர், மொத்தம் ஒரு லிட்டர். 20 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், அதாவது மைலேஜ் 20. அதனால தினமும் ஸ்க்ரீன்ல வர்ற நம்பர்களைக் கூட்டி வகுக்காதீங்க. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்க.

அப்போ விளம்பரத்துல வர்ற 27, 28?

இங்க ஹைப்ரிட்களுக்கு அறிவிக்கப்படுற நம்பர்கள் பெருசா இருக்கும். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்களுக்கு 2022-இல் சொன்னது 27.97. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டுக்கு அதே வருஷம் 26.5. இவை பொய் நம்பர்கள் இல்லை. ஆய்வகத்தில் உருளை மேல வண்டியை ஓட்டி எடுத்தவை. நம்ம நாட்டு சோதனை முறையில் சுமார் 20 நிமிட ஓட்டம், 10 கிலோமீட்டர் சொச்சம், அதிகபட்ச வேகம் 90. முடுக்கம் எல்லாம் மெதுவாக. ஏசி ஆஃப். எரிபொருளைக்கூட புகையில் வரும் கார்பனை அளந்து கணக்கிடுவார்கள். ஒரு காரை இன்னொரு காரோட ஒப்பிட அது உதவும். உங்க மாசச் செலவைக் கணிக்க அது வந்தது இல்ல.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் கிடையாது. அமெரிக்காவில் டொயோட்டா பிரியஸ் காருக்கு, நகரத்தில் கேலனுக்கு 60 மைல் என்று அரசு முத்திரையே இருந்தது. அங்கே சோதனை முறையில் அதிவேகம், ஏசி, குளிர் இதையெல்லாம் 2008 மாடல்களில் இருந்து சேர்த்தார்கள். அதே காரின் நகர மைலேஜ் 48 ஆனது. கார் மாறல, கேள்வி மாறிச்சு. ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைப்ரிட் கதை இன்னும் சுவாரசியம். 47 மைல் என்று விற்றார்கள். அதே எஞ்சின் இருந்த இன்னொரு ஃபோர்டு செடானின் சோதனை முடிவை இதுக்கும் பயன்படுத்த விதி இடம் கொடுத்தது. உயரமான வண்டிக்குக் காற்று எதிர்ப்பு அதிகம்னு அந்த விதிக்குத் தெரியல. 2013-இல் 43 என்று குறைத்து, வாங்கியவர்களுக்கு 550 டாலர் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் 40 என்று மறுபடியும் குறைத்தார்கள்.

சென்னைக்குன்னு ஒரு கணக்கு: ஏசி

ஹைப்ரிட்ல ஏசி கம்ப்ரெஸர் மின்சாரத்தில் ஓடுது. எஞ்சின் அணைந்தாலும் குளிர் வரும், சொகுசு. ஆனா அந்த மின்சாரமும் பெட்ரோல்தான். நம்ம வெயிலுக்கு ஏசி ஒரு கிலோவாட் இழுக்குதுன்னு வைப்போம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோவாட் மணி, பெட்ரோலில் தோராயமா மூணில் ஒரு லிட்டர்.

ஜிஎஸ்டி ரோட்ல 80 வேகத்தில் போனால் அந்த மூணில் ஒரு லிட்டர் 80 கிலோமீட்டரில் பரவிடும், உங்களுக்குத் தெரியாது. ஓஎம்ஆர் சாயங்காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு 15 கிலோமீட்டர்தான் நகர்றீங்க. ஏசி இல்லாமல் 25 மைலேஜ் குடுக்கிற வண்டின்னு வச்சால் அந்த 15 கிலோமீட்டருக்கு 0.6 லிட்டர். ஏசிக்கு மூணில் ஒரு லிட்டர் சேர்த்தால் மைலேஜ் 16. ட்ராஃபிக்ல ஹைப்ரிட் நல்லா இருக்கும்னு சொல்றது உண்மை. நின்னு நின்னு நகர்ற ட்ராஃபிக்குக்கு அது பொருந்தும். மே மாசத்துல ஏசி போட்டு சும்மா நிக்கிறதுக்கு எந்த வண்டியும் நல்லது இல்ல.

திரும்ப மாமாகிட்ட

இப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. என் 22.25-ஐ மாமாகிட்ட சொன்னாலும் அதுவும் தப்புதான். அது வேளச்சேரியில இருந்து ஆபீஸ் போற ஒருத்தனோட நம்பர். மாமா ஓட்டுறது வேற ஓட்டம். ஏர்போர்ட்ல ஏசி போட்டு காத்திருப்பு, ஹைவேயில 100 வேகம், பின்னாடி நாலு பெட்டி. 80-க்கும் 100-க்கும் காற்று எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். ஹைவேயில பிரேக் போடறது குறைவு, அதனால ஹைப்ரிட் திரும்ப எடுக்கிறதும் குறைவு.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, மூணு நாள் வண்டியை அவர்கிட்ட குடுத்து நானும் கூடவே உக்கார்ந்தேன். சவாரி ஏத்தல, சொந்த வண்டியில அது கூடாது. ஆனா அவர் வழக்கமா போற வழி, வழக்கமான வேகம். மீனம்பாக்கத்துல கஸ்டமருக்குக் காத்திருக்கிற மாதிரியே ஏசி போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். டிக்கியில பெட்டிக்குப் பதிலா ரெண்டு அரிசி மூட்டை.

540 கிலோமீட்டர். ஸ்க்ரீன் 20.3-னு காட்டிச்சு. பங்க்ல 28.7 லிட்டர் பிடிச்சது. 18.8. ஒரே டேங்க், அதனால கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா ஸ்க்ரீன் இங்கேயும் அதே 8 சதவீதம் கூட்டியிருந்ததைக் கவனிங்க.

பங்க் ஓரத்துலயே டைரியைத் திறந்து கணக்குப் போட்டோம். அவரோட டீசல் வண்டி, டைரிப்படி 17. மாசம் 4,000 கிலோமீட்டருக்கு 235 லிட்டர், டீசல் 92 ரூபாய்னா சுமார் 21,600. என் போட்டோவில இருந்த 26.4-ஐ நம்பினால், பெட்ரோல் நூறு ரூபாய் கணக்கில் 15,150. மாசம் 6,500 ரூபாய் மிச்சம். அவர் பேங்க்ல சொன்னது இந்தக் கணக்கைத்தான். 18.8-ஐப் போட்டால் பெட்ரோல் செலவு 21,300. மிச்சம் 300 ரூபாய்.

ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் எதுவும் பேசல. அப்புறம் மாமா சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு மாப்ள. சத்தமே இல்ல. ஆனா என் பொழப்புக்கு இது சரிப்படாது." டைரியை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டார். கடன் எடுக்கல. பழைய வண்டியையே ஓட்டிட்டு இருக்கார்.

இதைக் கேட்டுட்டு ஹைப்ரிட் ஏமாத்து வேலைன்னு யாரும் முடிவுக்கு வராதீங்க. இதுக்கு முன்னாடி நான் வச்சிருந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வண்டி, இதே ஆபீஸ் ரோட்ல 12 தாண்டினது இல்ல. இப்போ 22. என் பெட்ரோல் செலவு கிட்டத்தட்ட பாதி. என் ஓட்டத்துக்கு இது அருமையான வண்டி. தப்பு நான் அனுப்பின போட்டோவில்.

நீங்க செய்ய வேண்டியது

வாங்கினவங்களுக்கு: ஒரே பங்க், ஒரே பம்பு, முதல் கட் ஆனதும் நிறுத்துங்க. மேல மேல ஊத்தினால் பெட்ரோல் அந்தக் கரி டப்பாவுக்குள்ள போய் அதைக் கெடுக்கும், கணக்கும் கெடும். அஞ்சு டேங்க் எழுதுங்க. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்க. அதை ஸ்க்ரீன் காட்டுற நம்பரால் வகுத்தால் உங்க காரோட திருத்த எண் கிடைக்கும். என்னோடது 0.93. அதுக்கப்புறம் ஸ்க்ரீன் என்ன காட்டினாலும் 0.93-ஆல் பெருக்கிக்குவேன். தினமும் டைரி எழுத வேண்டியது இல்ல, டயர் மாத்தினால் மட்டும் மறுபடி ஒருதடவை பார்த்தால் போதும்.

வாங்கப் போறவங்களுக்கு: யாராவது மைலேஜ் சொன்னால் மூணு கேள்வி கேளுங்க. ஸ்க்ரீன் நம்பரா, டேங்க் நம்பரா? எத்தனை டேங்க்? எந்த ரோடு? மூணுக்கும் பதில் வரலன்னா அந்த நம்பரை வச்சு இஎம்ஐ கணக்குப் போடாதீங்க.

கடைசியா, ஃபேமிலி க்ரூப்ல போன மாசம் இன்னொரு போட்டோ போட்டேன். இந்தத் தடவை பங்க் ரசீது அஞ்சையும் வரிசையா வச்சு எடுத்தது, கீழ 22.25-னு எழுதி. யாரும் ஹார்ட் போடல. மாமா மட்டும் ஒரு தம்ஸ் அப் போட்டிருந்தார்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.